டேலியாக் கிழங்கும் கூட்டுறவும்

வீட்டுத் தோட்டத்திலே பெரும்பூ டேலியா வளர்க்கும் ஆர்வம் நம் அங்கத்தினர் பலரிடம் இருப்பது மகிழ்ச்சிக்குரியது. தறியை விட்டு எழுந்து வருவோருக்கும் வயலிலிருந்து திரும்புவோருக்கும் வாயிற்புறத்தில் பத்து அங்குல அகலத்தில் ஒரு மலர் விரிந்து நிற்பது கண்ணுக்குக் குளிர்ச்சி, மனத்துக்கு ஓய்வு. ஆயினும் இவ்வார்வம் பலரிடத்தில் ஓராண்டுக்கு மேல் நிலைப்பதில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணம் மண்ணுமன்று, நீருமன்று. நல்ல கிழங்கு கிடையாமையும், கிடைத்ததைக் காக்க இயலாமையுமே காரணம். இக்குறையைத் தனியொருவர் தீர்த்துக்கொள்வது அரிது. சங்கமாகக் கூடினால் எளிது என்பது நம் கருத்து.

டேலியாவின் தாயகம் மெக்சிகோ. அங்கிருந்து 1789-இல் ஸ்பெயின் தேசத்து மாட்ரிட் நகரத் தாவரத் தோட்டத்திற்கு அது சென்றது. 1791-இல் காவனில்லஸ் என்னும் தாவர அறிஞர், சுவீடன் நாட்டு ஆந்தர்ஸ் டால் என்பாரின் பெயரால் அதனை வழங்கினார். 1963-இல் மெக்சிகோ அதனைத் தன் தேசிய மலராக அறிவித்தது. இன்று நாம் காணும் பெரும்பூக்கள் யாவும் தோட்டக்காரர் பலர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்துப் பேணியதன் பயன்.

அங்ஙனம் பேணிய குணம் விதையிலே நிலைப்பதில்லை. ஒட்டு மாவின் கொட்டையை ஊன்றினால் அதே கனி கிடைக்கும் என்று எவரும் நம்புவதில்லை. டேலியாவும் அத்தகையதே. தாய்ச் செடியின் பூவையே காண வேண்டுமாயின் கிழங்கையோ, இளந்தளிர்த் தண்டையோ நடுதல் வேண்டும்.

கிழங்கிலும் ஒரு நுட்பம் உண்டு. உருளைக்கிழங்கின் மேனியெங்கும் கண்கள் இருக்கும். டேலியாவுக்கோ, பழைய தண்டோடு சேரும் கழுத்துப் பகுதியில் மட்டுமே கண் உண்டு. கழுத்து ஒடிந்த கிழங்கு எவ்வளவு பருத்திருந்தாலும், வேர் விடுமேயன்றி முளை விடாது. இதனை அறியாதார் பருமனைக் கண்டு பொருள் கொடுத்து வாங்கி, முளையை எதிர்நோக்கி நாள்தோறும் நீர் ஊற்றி, இறுதியில் அழுகிய கிழங்கைத் தோண்டி எடுக்கின்றனர். பிழை அவர்தம் கையிலன்று. வாங்கிய சரக்கிலே உள்ளது.

நல்ல கிழங்கு வாய்த்தபின் வேண்டுவது உழைப்பே. மலைப்பகுதிகளில் கோடை மழையை ஒட்டியும், சமவெளியில் பெருமழை தணிந்து பனி தொடங்கும் பருவத்திலும் நடலாம். மூன்றடிக்கு ஒரு செடி போதும். ஊன்றுகோலை முதலில் நாட்டி, அதன் அருகே கிழங்கை வைத்தல் வேண்டும். பின்னர் நாட்டினால் கோல் கிழங்கைத் துளைத்துவிடும். நான்கு இணை இலைகள் வந்ததும் நுனியைக் கிள்ளி, நான்கைந்து கிளைகளை மட்டும் விடுக. ஒவ்வொரு கிளை நுனியிலும் மூன்று மொட்டுகள் தோன்றும். பட்டாணி அளவு ஆகும்போதே பக்கத்து மொட்டுகள் இரண்டையும் கிள்ளிவிட்டு, நடு மொட்டை நிறுத்துக. பெரும்பூவின் இரகசியம் இதுவே. மக்கிய தொழுவுரமும் எலும்புத்தூளும் போதும். தழைச்சத்தை மிகுதியாக இட்டால் இலை கொழிக்கும், கிழங்கு மெலியும். இழையறுந்த இடத்தைப் பொறுமையோடு முடிந்து பழகிய விரல்களுக்கு மொட்டுக் கிள்ளுதல் பெரிதன்று.

பூத்து ஓய்ந்த பின்னரே உண்மையான இடர் தொடங்குகிறது. தோண்டிய கிழங்கை உலர்ந்த மணலில், நிழலில், குளிர்ச்சியான இடத்தில் வைத்துக் காத்தல் வேண்டும். ஈரம் மிகுந்தால் அழுகும், குறைந்தால் சுருங்கும். சமவெளியின் கோடையில் ஓட்டுக்கூரையின் கீழ் இது எல்லார்க்கும் இயல்வதன்று. ஆகவே, சங்கக் கிடங்கின் குளிர்ந்த மூலையொன்றில் மணற்பெட்டி சில வைத்து, அங்கத்தினர் அனைவரின் கிழங்குகளையும் பெயர்ச்சீட்டுடன் காக்கலாம் என்கிறோம். ஒரு கிழங்கு ஒரு பருவத்தில் ஒரு கொத்தாகப் பெருகுகிறது. கண்ணுள்ள ஒரு கிழங்கைக் கடனாகப் பெற்றவர், அடுத்த ஆண்டு கண்ணுள்ள இரண்டைத் திருப்பித் தரட்டும். இக்கடனில் கொடுத்தவருக்கும் இழப்பில்லை, பெற்றவருக்கும் சுமையில்லை.

பொதுவில் சேர்த்தால் நோயும் பொதுவாகிவிடும் என்று கூறுவாருமுளர். அவ்வச்சம் நியாயமானதே. தேமல் நோய் அசுவினியால் பரவுவது, நோயுற்ற செடியின் கிழங்கிலும் அது தங்கும், அதற்கு மருந்தில்லை. ஆதலால் பூக்கும் காலத்திலேயே இருவர் வீடுதோறும் சென்று செடிகளைப் பார்த்தல் வேண்டும். இலையில் வெளிறிய திட்டுகளோடு குன்றி நிற்கும் செடியை வேரோடு களைந்து எரித்துவிடுக. நலமானவற்றிற்கு மட்டும் சீட்டுக் கட்டுக. சீட்டில்லாத கிழங்கு பெட்டிக்குள் வரலாகாது. தனித்து வளர்ப்பவர் தம் செடியின்மேல் உள்ள ஆசையால் களைய மனமின்றி விட்டுவிடுவர். சங்கத்தின் கண் அவ்வாறு தயங்காது.

உணவுமன்று, கூந்தலில் சூட மணமுமன்று, இதற்கொரு திட்டமா என்று வினவலாம். பெட்டி, மணல், சீட்டு இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. விதைநெல்லையும் கரும்புக் கரணையையும் பொதுவில் காக்க வேண்டிய சங்கங்களுக்கு இது நல்லதொரு பயிற்சியாகும். கண்ணுள்ள கிழங்கையே கொடுப்பது, நோயுற்றதை மறைக்காதிருப்பது, பெற்றதைப் பெருக்கித் திருப்புவது என்னும் மூன்றும் கைவந்த சங்கத்தில் டேலியா மட்டுமா தழைக்கும்? அடுத்த பொதுக்கூட்டத்தில் இதனை அங்கத்தினர் ஆராய்ந்து முடிவு செய்வாராக.