குறை யாரிடம்?



கலியாணமாகி இரண்டு வருடங்கள் கழிந்தும் பிள்ளை உண்டாகவில்லையென்றால் நம் வீடுகளில் முதலில் யாரைப் பார்க்கிறோம்? மருமகளைத்தான். வைத்தியம், பத்தியம், பரிசோதனை எல்லாம் அவளுக்கே. "என்ட மகனுக்கு என்ன குறை, ஆள் திடகாத்திரமாத்தானே இருக்கான்" என்பார் மாமி.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், லாத்ரொப் என்ற ஊரிலிருந்த ஒக்சிடென்டல் கம்பனியின் தொழிற்சாலையிலும் ஆண்கள் திடகாத்திரமாகத்தான் இருந்தார்கள். கிருமிநாசினி தயாரிக்கும் பிரிவில் வேலை செய்த பலருக்குப் பிள்ளை உண்டாகவில்லை என்பது, அவர்கள் தமக்குள் பேசிக்கொண்டபோதே தெரியவந்தது. 1977ஆம் ஆண்டு பரிசோதித்தார்கள். கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்துகொள்ளாத 25 பேரில் 14 பேருக்கு விந்தணு மிகக் குறைவு, அல்லது அறவே இல்லை. வேறு பெரிய கோளாறு எதுவும் தென்படவில்லை. ஆண்மைக்குரிய ஹோர்மோன்கூடச் சரியான அளவில்தான் இருந்தது. வெளித்தோற்றத்தை வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது?

காரணம், டி.பி.சி.பி. என்ற மருந்து. வாழை, அன்னாசி முதலியவற்றின் வேர்களைத் தாக்கும் நுண்புழுக்களை அழிப்பது. இதில் மனதை வருத்துவது என்னவென்றால், இம்மருந்து எலிகளின் விதைகளைச் சுருங்கச் செய்கிறது என்று 1961ஆம் ஆண்டிலேயே ஆய்வாளர்கள் எழுதி வைத்திருந்தார்கள். பதினாறு வருடங்கள்! 1979இல், ஹவாய் அன்னாசித் தோட்டங்கள் தவிர்ந்த இடங்களில் அமெரிக்கா அதன் பாவனையை நிறுத்தியது. அதற்கிடையில் மத்திய அமெரிக்க வாழைத் தோட்டங்களில் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டு, பின்னர் வழக்காடினார்கள்.

அந்த மருந்து போய்விட்டது. ஆனால் ஈயம் இன்றும் இருக்கிறது; அதுவும் விந்தணுவைக் கெடுக்கும். ஆகவே கணவர் பழைய பற்றரிகளை உடைக்கிறாரா, வயலுக்கு மருந்தடிக்கிறாரா என்று கவனியுங்கள். அந்த உடுப்புகளைப் பிள்ளைகளின் துணிகளோடு சேர்த்துக் கழுவ வேண்டாம்.

ஆணுக்குரிய பரிசோதனை மிக இலேசானது, ஊசியுமில்லை, சத்திரசிகிச்சையுமில்லை. வெட்கம்தான் தடை. ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ இரண்டரை மாதங்கள் செல்லும். எனவே முதல் முடிவு சரியில்லையென்றால் மனமுடையாமல், மூன்று மாதம் கழித்து மீண்டும் பாருங்கள். லாத்ரொப்பிலும், குறைந்த காலம் வேலை செய்த சிலர், அதைவிட்டு விலகியபின் தேறினார்கள்.

வைத்தியரிடம் போகும்போது கணவரின் தொழிலைச் சொல்லுங்கள். அவர் தெளிக்கும் மருந்துப் போத்தலிலுள்ள பெயரையும் ஒரு துண்டில் எழுதிக் கொண்டுபோங்கள்.