சீரியல் எடுத்த கை, சூப்பர் ஹீரோ படம் தாங்குமா?

சின்னத்திரையில் கை பழகியவரிடம் கோடிக்கணக்கில் செலவாகும் வீரசாகசப் படத்தை ஒப்படைக்கலாமா? கோடம்பாக்கம் மட்டும் கவலைப்பட வேண்டிய சங்கதி அல்ல இது. கடைசியில் டிக்கெட் காசு கட்டுகிறவர் ராயபுரத்துக்காரர்தானே!

காசிமேட்டில் மீன் கூடை தூக்குகிறவரும், மண்ணடி கடைச் சிப்பந்தியும் குடும்பத்தோடு ஒரு படம் போய் வந்தால் ஒரு நாள் கூலி காலி. டி.வி.யில் பிடிக்கவில்லை என்றால் சேனலை மாற்றலாம். தியேட்டரில் காசைத் திருப்பித் தருவார்களா?

ஒரே ஆள், இரண்டு தீர்ப்பு

விஜய் டி.வி. நிகழ்ச்சிகளில் தேர்ந்தவர் நெல்சன். 2022-ல் விஜய்யை வைத்து 'பீஸ்ட்' எடுத்தார். ஒரு மால் நிறைய தீவிரவாதிகள். அத்தனை பேரையும் ஒற்றை ஆள் ஒழிக்கிறார். கதை எங்கே என்று ரசிகர்களே முணுமுணுத்தார்கள்.

அடுத்த ஆண்டு ரஜினியை வைத்து 'ஜெயிலர்'. ஓய்வு பெற்ற அதிகாரி, போலீஸ் மகன், பேரன் என்று ஒரு வீடு இருந்தது. தியேட்டர்கள் திணறின!

இரண்டுக்கும் கம்பெனி ஒன்றே, சன் பிக்சர்ஸ். டைரக்டரும் அவரே. டி.வி. அனுபவமும் அதேதான். மாறியது கதை.

வெள்ளைக்காரர் கணக்கு

அமெரிக்காவிலும் இதே கூத்துதான். 'கம்யூனிட்டி' போன்ற டி.வி. காமெடித் தொடர்கள் எடுத்த ரூஸோ சகோதரர்களிடம் 2014-ல் 'கேப்டன் அமெரிக்கா' படத்தைக் கொடுத்தது மார்வெல். அவர்களே 2019-ல் எடுத்த 'அவெஞ்சர்ஸ் எண்ட்கேம்' 270 கோடி டாலருக்கு மேல் அள்ளியது.

எப்படி? ஒரே காட்சியில் பத்துப் பேரை நிறுத்தி, ஒருவரையும் தொலைக்காமல் கதையை நகர்த்துவது சீரியல்காரருக்குத் தண்ணீர் பட்ட பாடு. சண்டைக்கும் கிராபிக்சுக்கும் தனி ஆட்கள் உண்டு. மார்வெல் படங்களே 'தொடரும்' போடுகிற சீரியல்தானே! இங்கே அப்படியில்லை. ஒரு ஹீரோ, ஒரே படம். தவறினால் நாளைய எபிசோடில் சரிக்கட்ட முடியாது.

சுவர் பெயர்ந்த கதை

மடோன் அஸ்வினின் முதல் படம் 'மண்டேலா'. 2021-ல் தியேட்டருக்கு வராமல் நேராக விஜய் டி.வி.யில் ஓடியது. அவர்தான் 2023-ல் 'மாவீரன்' எடுத்தார். ஹீரோ சிவகார்த்திகேயனும் டி.வி.யில் இருந்து வந்தவரே.

அந்த ஹீரோ பறக்கவில்லை. பத்திரிகைக்குப் படக்கதை வரையும் பயந்தாங்கொள்ளி. குடிசையைக் காலி செய்து அடுக்குமாடிக்கு அனுப்பப்பட்ட குடும்பம். தொட்டால் சுவர் பெயர்கிறது. காதில் ஒரு குரல் கேட்கிறது, அநியாயத்தோடு மோதுகிறான்.

2021-ல் புளியந்தோப்பு கே.பி.பார்க் குடியிருப்பில் சுவர்ப் பூச்சு உதிர்வதாக எழுந்த புகாரை மறக்காத வடசென்னைக்காரருக்கு, இது பக்கத்து வீட்டுச் சமாச்சாரம்.

டி.வி. கற்றுக் கொடுப்பது வேகமும் வீட்டுக்குள் நடப்பதைப் பார்க்கும் கண்ணும். அது பெரிய மூலதனம். அதை வைத்துக்கொண்டு வந்தவர் ஜெயிக்கிறார். பெரிய செட்டைப் பார்த்ததும் அதை மறந்தவர் சறுக்குகிறார்.

ஆகவே தயாரிப்பாளர்களே, சின்னத்திரைக்காரர் என்று யாரையும் ஒதுக்க வேண்டாம். ஆனால் பெரிய ஹீரோவின் தேதி கிடைத்த கையோடு பூஜை போடாதீர்கள். முதலில் கதையை முடியுங்கள்! கவுண்டரில் நீட்டப்படுவது ஒரு நாள் கூலி.