நோட்டீஸில் ஆண்டையும் போடுங்கள்

ஏப்ரல் பிறந்துவிட்டால் சென்னையின் பயில்முறை நாடகக் குழுக்களில் கல்யாண வீட்டுப் பரபரப்பு தொற்றிக்கொள்ளும். கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் கோடை நாடக விழா வந்துவிடும். அங்கே புது நாடகம் வேண்டும். பழசைத் தூசி தட்டி எடுத்துக்கொண்டு போக முடியாது. அலுவலகம் விட்டு வந்தவர்கள் யாராவது ஒருவர் வீட்டு மொட்டை மாடியில் கூடுவார்கள். கதாநாயகனுக்கு வங்கியில் ஆடிட் நடக்கும். அப்பா வேடக்காரருக்கு முட்டி வலி. கடைசி இரண்டு காட்சிகளுக்கு வசனம் இன்னும் கைக்கு வந்திராது. இந்த அமளிக்கு நடுவே திடீரென்று ஒருவருக்கு நினைவு வரும்: "நோட்டீஸ் யார் அடிக்கிறது?"

அந்த நோட்டீஸைப் பற்றித்தான் இம்முறை பேச வேண்டியிருக்கிறது.

அவசரத்தில் அடித்த நோட்டீஸ் எப்படி இருக்கும் என்பது குழு நடத்துகிறவர்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே கொட்டை எழுத்தில் குழுவின் பெயர், அதன் கீழ் நாடகத்தின் தலைப்பு, அரங்கின் பெயர், ஞாயிறு மாலை 6.30 மணி, அனைவரும் வருக. எழுதியவர் பெயர் சில வேளை இருக்கும், சில வேளை 'எங்கள் குழுவின் புதிய படைப்பு' என்பதோடு முடிந்துவிடும். ஒளி அமைத்தவர், செட் போட்டவர், ஒப்பனை செய்தவர், சைடு விங்கில் நின்று வசனம் எடுத்துக் கொடுத்தவர் யாரும் இருக்கமாட்டார்கள். நாளும் மாதமும் இருக்கும், ஆண்டு இராது. பத்து வருஷம் கழித்து அந்தத் தாள் யார் பெட்டியிலிருந்தாவது கிடைத்தால், எந்த வருஷத்து நாடகம் என்று சொல்ல அதிலேயே வழியில்லை.

1891இல் பெல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சார்லுவின் சரச விநோதினி சபையார் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் ஆடினார்கள். படித்தவர்களும் உத்தியோகத்தில் இருப்பவர்களும் வேடம் கட்டி மேடையேறியதைக் கூட்டத்தில் இருந்த கல்லூரி மாணவர் ஒருவர் வியந்து பார்த்தார். அதுவரை தமிழ் நாடகம் என்றாலே முகம் சுளித்தவர் அவர். அதே ஆண்டு நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு சுகுண விலாச சபையைத் தொடங்கினார். அவர்தான் பம்மல் சம்பந்த முதலியார். பிறகு வக்கீலாகவும் ஸ்மால் காஸ் கோர்ட்டு நீதிபதியாகவும் இருந்துகொண்டே 90க்கு மேற்பட்ட நாடகங்கள் எழுதினார். 'மனோகரா', 'சபாபதி' என்ற தலைப்புகள் இன்றும் எல்லோர் வாயிலும் இருக்கின்றன. விக்டோரியா பப்ளிக் ஹாலில் அந்தச் சபை ஆடிய மேடையில் எஸ். சத்தியமூர்த்தி போன்ற பெரிய மனிதர்களும் வேடம் கட்டினார்கள். கூலிக்கு ஆடுபவர் என்று நாடகக்காரரை ஒதுக்கிவைத்த ஊரில் அது சின்ன மாற்றமில்லை.

இவ்வளவும் நமக்குத் தெரிய வந்தது சம்பந்த முதலியார் எழுதிவைத்த 'நாடக மேடை நினைவுகள்' நூலால். ஆறு பாகங்கள். எந்த நாடகத்தில் யார் எந்த வேடம் போட்டார், எந்த ஊரில் ஆடினோம், செலவு என்ன ஆயிற்று, எங்கே தவறிவிட்டோம் என்று ஒரு கணக்குப்பிள்ளையின் பொறுமையோடு எழுதியிருக்கிறார். ரங்கவடிவேலு என்ற வக்கீல் பெண் வேடத்தில் எப்படி நடித்தார் என்று இன்றைக்கும் பேசுகிறோம் என்றால், கூட நடித்த நண்பர் உட்கார்ந்து எழுதினார் என்பதுதான் காரணம். கொழும்பிலும் இதுவே நடந்தது. 1913இல் அங்கே உருவான லங்கா சுபோத விலாச சபையைப் பற்றி நமக்கு இவ்வளவு தெரிவதற்கு, கலையரசு சொர்ணலிங்கம் 'ஈழத்தில் நாடகமும் நானும்' எழுதியது பெரிய உதவி. அந்த நாட்களில் தெருவுக்குத் தெரு முளைத்த சபைகள் எத்தனையோ. எழுதிவைக்க ஆள் இல்லாதவை பெயரோடு போயின.

சம்பந்த முதலியாரைப் போல ஆறு பாகம் எழுதச் சொல்லி எந்தக் குழுவையும் கேட்க முடியாது. சம்பளம் இல்லாமல், வேலைக்கும் போய்க்கொண்டு, கைக்காசைப் போட்டு ஆடுகிறவர்கள் அவர்கள். ஒரு முழுமையான நோட்டீஸ் எழுதலாம், அதில் பத்துப் பிரதியை எடுத்து வைக்கலாம். கேட்பது அவ்வளவுதான்.

பயில்முறை மேடையின் நினைவை இதுவரை பெருமளவு காப்பாற்றிக் கொடுத்தது சினிமா. கே. பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டு 'மேஜர் சந்திரகாந்த்', 'சர்வர் சுந்தரம்', 'நீர்க்குமிழி', 'எதிர்நீச்சல்' நாடகங்களை எழுதினார். நாகேஷ் ரயில்வே ஊழியர். பூர்ணம் விஸ்வநாதன் அகில இந்திய வானொலியில் செய்தி வாசித்தவர். கிரேஸி மோகன் சுந்தரம் கிளேட்டனில் இன்ஜினீயர். இவர்களுடைய ஆரம்ப நாட்களை நாம் அறிவது, இவர்களும் இவர்கள் நாடகங்களும் பிறகு திரைக்குப் போனதால். 'சர்வர் சுந்தரம்' 1964இலும் 'மேஜர் சந்திரகாந்த்' 1966இலும் படமாயின. அதே காலத்தில், அதே அளவு திறமையோடு, மேடையிலேயே நின்றுவிட்டவர்கள் இருந்தார்கள். அவர்களுக்குச் சாட்சி சொல்லத் திரைப்படம் இல்லை. அவர்கள் பெயர் அச்சான தாள் எங்காவது இருந்தால்தான் உண்டு.

ரசிகர்கள் தம் பங்குக்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேடத்தின் பெயரையே ஆளுக்குச் சூட்டிவிட்டார்கள். 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்தில் நடித்த சுந்தரராஜன் வாழ்நாள் முழுதும் மேஜர் சுந்தரராஜன். சோ எழுதிய நாடகத்தில் காத்தாடி என்ற பாத்திரமாக வந்த ராமமூர்த்தி காத்தாடி ராமமூர்த்தி. எஸ்.வி. சேகர் குழுவுக்கு 'கிரேஸி தீவ்ஸ் இன் பாலவாக்கம்' எழுதிக் கொடுத்த மோகன், கிரேஸி மோகன். ஒரு காட்சியின் நினைவு ஒருவருடைய பெயரில் ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் இந்தப் பாக்கியம் முன்னால் வந்து நின்று கைதட்டல் வாங்கியவர்களுக்குத்தான் கிடைத்தது. 'லைட்டிங்' ராமசாமி என்று யாரையும் ஊர் அழைத்ததில்லை. பின்மேடைக்காரருக்கு நோட்டீஸை விட்டால் வேறு புகல் இல்லை.

இன்று இந்தத் தேவை முன்னிலும் கூடியிருக்கிறது. சென்னையில் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. அதற்கு முன் சபா உறுப்பினர்கள் குடும்பத்தோடு வந்து அரங்கை நிறைத்த காலத்தில் ஒரு நாடகம் நூறு காட்சி தாண்டுவது அபூர்வமில்லை. நூறு முறை ஆடிய நாடகத்தை ஊரே நினைவில் வைத்திருந்தது. அப்பா பார்த்ததைப் பிள்ளைக்குச் சொன்னார். இப்போதும் 'சாக்லேட் கிருஷ்ணா' போல நூற்றுக்கணக்கில் ஆடிய நாடகங்கள் உண்டு. சிறு குழுக்களின் நிலைமை வேறு. மூன்று மாதம் ஒத்திகை பார்த்த நாடகம் ஐந்தாறு காட்சிகளோடு நின்றுவிடுகிறது. பார்த்தவர்களை எண்ணிவிடலாம். அந்தச் சில நூறு பேரின் ஞாபகம் மங்கியபின், அப்படி ஒரு நாடகம் நடந்ததே யாருக்கும் தெரியாமல் போகும்.

நவீன நாடகக் குழுக்கள் இந்த விஷயத்தில் கொஞ்சம் முன்யோசனையோடு இருந்தன. 1977இல் காந்திகிராமத்தில் நடந்த பட்டறை, அதே ஆண்டு பிறந்த கூத்துப்பட்டறை, அடுத்த ஆண்டு ஞாநி தொடங்கிய பரீக்ஷா ஆகியவற்றின் கதை நமக்கு ஓரளவு தொடர்ச்சியாகக் கிடைக்கிறது. அவர்களுக்குப் பக்கத்தில் சிறுபத்திரிகைகள் இருந்தன. ந. முத்துசாமியின் நாடகத்தை 'நடை' அச்சிட்டது. நாடகத்துக்கென்றே 'வெளி' வந்தது. 'தண்ணீர் தண்ணீர்' எழுதிய கோமல் சுவாமிநாதன் 'சுபமங்களா'வுக்கு ஆசிரியரானபோது இதழின் பெயரில் நாடக விழாக்களே நடத்தினார். அச்சில் இருந்ததால் அடுத்த தலைமுறை எடுத்துப் படிக்கிறது, மீண்டும் ஆடுகிறது. 'தண்ணீர் தண்ணீர்' நாடகத்தைக் கோமலின் மகள் தாரிணி பல ஆண்டுகள் கழித்து மறுபடி மேடையேற்ற முடிந்ததற்கும் பிரதி பத்திரமாக இருந்ததே அடிப்படை. சபா நாடகக் குழுக்களில் பிரதியின் கதி வேறு. ஆளுக்கு ஆள் தங்கள் பாகத்தை மட்டும் எழுதி எடுத்துக்கொண்டு போய்விடுவதால், முழு நாடகம் ஒரே இடத்தில் இருப்பதே அரிது.

ஒரு காலத்தில் அரசாங்கம் வற்புறுத்தியதாலாவது முழுப் பிரதி ஒன்று தயாராயிற்று. 1954ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டப்படி, மேடையேறுமுன் பிரதியைக் காவல் துறைக்குக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டியிருந்தது. 'தண்ணீர் தண்ணீர்' நாடகமே இந்த வாசலில் சிக்கித் தவித்தது. அந்தச் சட்டத்தை எதிர்த்து ஞாநி நீதிமன்றம் போனார். 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை அரசியல் சாசனத்துக்கு முரணானவை என்று ரத்து செய்தது. நாடகக்காரர்கள் அனைவரும் ஞாநிக்குக் கடன்பட்டிருக்கிறோம். இனி பிரதியைக் கேட்டு எந்த அதிகாரியும் வரமாட்டார். அதை ஒழுங்காக எழுதி, தேதி போட்டு வைக்கும் பொறுப்பு முழுக்கக் குழுவின் தலையில் வந்திருக்கிறது.

எழுதியவர் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். அதை விட்டுவிடுவது மறதி என்று சிலர் நினைக்கிறார்கள். 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 57ஆம் பிரிவில், படைப்பு தன்னுடையது என்று உரிமை கொண்டாடும் உரிமையை எழுதியவருக்குக் கொடுத்திருக்கிறது. பதிப்புரிமையை விற்றுவிட்டாலும் இந்த உரிமை அவரிடமே இருக்கும். அதே சட்டத்தின் 52ஆம் பிரிவு நமக்கு ஒரு சலுகையும் தருகிறது. அமெச்சூர் சங்கம் ஒன்று காசு வாங்காமல் பார்வையாளருக்கு நாடகம் போட்டால், அல்லது மத நிறுவனம் ஒன்றின் நன்மைக்காகப் போட்டால், அது உரிமை மீறல் ஆகாது. பல குழுக்கள் இந்தச் சலுகையின் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, டிக்கெட் போட்டு விற்கும் காட்சிக்கும் அனுமதி வேண்டாம் என்று இருந்துவிடுகின்றன. அது தவறு. டிக்கெட் விற்றால் எழுதியவரிடமோ அவர் வாரிசிடமோ எழுத்தில் அனுமதி வாங்கியே ஆக வேண்டும். எழுதியவர் மறைந்து 60 ஆண்டு முடிந்துவிட்டால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. சம்பந்த முதலியார் 1964இல் மறைந்தார். அவருடைய நாடகங்கள் எல்லாம் இன்று பொதுச் சொத்து. கோடை விழாவுக்குப் புது நாடகம்தான் வேண்டும் என்றாலும், வருஷத்தின் மற்ற மாதங்களுக்கு என்ன போடலாம் என்று தேடும் குழுக்கள் 'சபாபதி'யை எடுத்துப் பார்க்கலாம். வேலைக்காரன் பாத்திரத்துக்கு நல்ல நகைச்சுவை நடிகர் ஒருவர் கிடைத்தால் போதும், அரங்கு கலகலக்கும்.

காகித நோட்டீஸ் குறைந்து வாட்ஸ்அப்பில் வண்ணப் படமாக அறிவிப்பு வரும் காலம் இது. செலவு மிச்சம், ஒரே நிமிஷத்தில் ஊரெல்லாம் போய்ச் சேருகிறது. இதை வேண்டாம் என்று சொல்லக் காரணமில்லை. ஆனால் கைப்பேசி மாறினால் படம் போயிற்று. காகிதம் அப்படிப் போவதில்லை என்பதற்குக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சாட்சி. பிறர் குப்பை என்று எறிந்த நாடக நோட்டீஸ்களையும் புத்தகங்களோடு புத்தகமாகச் சேர்த்து வைத்தார். அவர் சேகரிப்பின் மேல் எழுந்த ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடகத்தைத் தேடிப் போகிறவர்கள் இன்று அந்தத் துண்டுத் தாள்களைத்தான் புரட்டுகிறார்கள். படமாக அனுப்பும் குழுக்கள் அதையே நல்ல தாளில் பத்து அச்செடுத்து, இரண்டை இப்படிப்பட்ட நூலகத்துக்கு அனுப்பி வைக்கலாம். ஒரு காட்சிக்கு ஆகும் காபி செலவில் பாதிகூட ஆகாது.

அறிவிப்பு பார்வையாளருக்கும் உதவ வேண்டும். நாடகத்துக்கு வருகிறவர்களில் வயதானவர்கள் அதிகம். காட்சி எத்தனை மணிக்கு முடியும் என்று தெரிந்தால் கடைசி பஸ்ஸைப் பற்றிய கவலை இல்லாமல் உட்கார்ந்திருப்பார்கள். அரங்கம் மாடியில் என்றால் லிஃப்ட் உண்டா, இடைவேளை உண்டா, சிறு பிள்ளைகளைக் கூட்டி வரலாமா என்பதெல்லாம் இரண்டு வரியில் அடங்கும். ஒத்திகை பாதியில் நடிகர் மாறுவது நம் உலகத்தில் சகஜம். மாறினால் அறிவிப்பையும் மாற்றுங்கள். நடிக்காதவர் பெயர் அச்சில் இருப்பதும், நடித்தவர் பெயர் இல்லாமல் போவதும் ஒரே அளவு தவறு.

அடுத்த இதழிலிருந்து 'வரவிருக்கும் நாடகங்கள்' பகுதிக்கு அறிவிப்பு அனுப்பும் குழுக்கள், முதல் காட்சிக்கு இரண்டு மாதம் முன்பாகவே அனுப்ப வேண்டுகிறோம். எழுதியவர், இயக்குபவர், நடிப்பவர்கள், ஒளி, இசை, செட், ஒப்பனை, பிராம்ப்டர் எல்லோருடைய பெயரும் முழுதாக இருக்கட்டும். காட்சி முடிந்தபின் உண்மையில் மேடையில் நின்றவர்கள் யார் என்று திருத்திய தாள் ஒன்றையும் அனுப்புங்கள். நாள், மாதத்தோடு ஆண்டையும் மறக்காமல் போடுங்கள்.