சம்பளம் பேசும் மேஜையில் தண்டனைக்கு என்ன வேலை?

அமெரிக்காவில் ஒரு நகரத்துப் போலீஸ்காரரை வேலைக்கு எடுப்பது அந்த நகர நிர்வாகம்தான். சம்பளமும் துப்பாக்கியும் கொடுப்பதும் அதே நிர்வாகம்தான். ஆனால் அவரை வீட்டுக்கு அனுப்பும் விஷயத்தில் கடைசி வார்த்தை பல நேரங்களில் வேறு யாருடையதாகவோ இருக்கிறது. 2017ல் ‘வாஷிங்டன் போஸ்ட்’ நாளிதழ் நாட்டின் பெரிய போலீஸ் துறைகளின் கணக்கை எடுத்துப் பார்த்தது. 2006 முதல் அந்தத் துறைகள் முறைகேடுகளுக்காக டிஸ்மிஸ் செய்தவர்கள் குறைந்தது 1,881 பேர். அவர்களில் 450க்கும் மேற்பட்டவர்கள் மேல்முறையீடு செய்து, மறுபடி சீருடை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். இவர் வேண்டாம் என்று முடிவெடுத்த கமிஷனரே அவரை வரவேற்று வேலை கொடுக்க வேண்டியதாயிற்று.

இது லஞ்சத்தாலோ சிபாரிசாலோ நடந்ததல்ல. எல்லாம் ஒப்பந்தப்படி நடந்தது. அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் நகரம்தான்.

நம் வாசகர்களுக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் நாட்டில் போலீஸ் மாநில அரசின் துறை. சென்னை மேயரோ மும்பை மேயரோ ஒரு கான்ஸ்டபிளைக்கூட இடம் மாற்ற முடியாது. அமெரிக்காவில் ஏறக்குறைய 18,000 போலீஸ் அமைப்புகள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை நகரங்களுக்கும் மாவட்டங்களுக்கும் சொந்தமானவை. துப்புரவுத் தொழிலாளி போல, தீயணைப்பு வீரர் போல போலீஸ்காரரும் உள்ளாட்சி ஊழியர். பெரும்பாலான பெரிய நகரங்களில் அவருக்கு யூனியன் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒரு முறை யூனியனும் நகர நிர்வாகமும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போடும். நகர கவுன்சில் வாக்களித்து அதை ஏற்கும்.

இந்த உரிமை சும்மா வந்ததல்ல. 1919 செப்டம்பரில் பாஸ்டன் நகரப் போலீஸ்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். குறைந்த சம்பளம், ஓயாத வேலை, எலிகள் ஓடும் ஸ்டேஷன்கள். யூனியன் அமைத்த குற்றத்துக்காகத் தலைவர்களை கமிஷனர் சஸ்பெண்ட் செய்ய, சுமார் 1,500 பேரில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் வெளியேறினார்கள். நகரத்தில் கொள்ளையும் கலவரமும் நடந்தன. கவர்னர் கால்வின் கூலிட்ஜ் மாநிலப் படையை இறக்கினார். வெளியேறிய ஒருவரைக்கூடத் திரும்பச் சேர்க்கவில்லை. புதிதாக வந்தவர்களுக்கோ சம்பள உயர்வும் இலவசச் சீருடையும் கிடைத்தன. அதாவது, முந்தியவர்கள் கேட்டு வேலையிழந்ததில் ஒரு பகுதி. கூலிட்ஜ் பிறகு ஜனாதிபதியானார். போலீஸ் யூனியன் என்ற பேச்சு பல பத்தாண்டுகளுக்கு அடங்கிப்போயிற்று.

மறுபடி அது எழுந்தது 1960களில். அரசு ஊழியர்களுக்குக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையை மாநிலங்கள் ஒவ்வொன்றாகக் கொடுத்துவந்த காலம் அது. கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் தெருவுக்கு வந்து, போலீஸ் தடியடிக்குக் கணக்குக் கேட்ட காலமும் அதுவே. இரண்டும் ஒரே நேரத்தில் நிகழ்ந்ததுதான் கதையின் முடிச்சு. 1966ல் நியூயார்க் மேயர் ஜான் லிண்ட்சே, புகார்களை விசாரிக்கும் குழுவில் பொதுமக்களைச் சேர்த்தார். போலீஸ் யூனியன் பிரசாரம் செய்து, பொது வாக்கெடுப்பு நடத்தி, அதைத் தோற்கடித்தது. சம்பளத்துக்காகப் பிறந்த சங்கம், தண்டனைக்கு எதிரான கோட்டையாகவும் வளர்ந்தது.

பேரத்தின் சூட்சுமம் எளிமையானது. யூனியன் ஐந்து சதவீதம் கேட்கிறது. கஜானாவில் மூன்றுக்குத்தான் வழி. மீதி இரண்டுக்குப் பதிலாக ஒரு ஷரத்து: பழைய தண்டனைகளைச் சில ஆண்டுகளில் கோப்பிலிருந்து நீக்கிவிட வேண்டும். இன்னொரு ஷரத்து: துப்பாக்கியால் சுட்டவரிடம் ஒரு நாள் கழித்துத்தான் விளக்கம் கேட்கலாம். மேயருக்கு இவை செலவில்லாத சலுகைகள். பட்ஜெட்டில் இவற்றுக்குத் தனித் தலைப்பு கிடையாது. அடுத்த தேர்தலுக்குள் இவற்றின் விலை தெரியவும் தெரியாது.

இப்படிச் சேர்ந்தவை எத்தனை? சட்டப் பேராசிரியர் ஸ்டீபன் ரஷின் 178 ஒப்பந்தங்களைப் படித்து 2017ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். நியாயமான ஒழுங்கு நடவடிக்கைக்குக் குறுக்கே நிற்கக்கூடிய ஷரத்து ஒன்றாவது 156 ஒப்பந்தங்களில் இருந்தது.

இந்த ஒப்பந்தங்களைத் தமிழில் சொல்ல முயன்றால் ஒரு சொல் இடறுகிறது: ‘கிரீவன்ஸ்’. நம் கலெக்டர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் குறைதீர்க்கும் நாளில் குறையோடு வருபவர்கள் பொதுமக்கள். ஒப்பந்தத்தில் அந்தச் சொல் போலீஸ்காரருக்குச் சொந்தம். தனக்குக் கிடைத்த தண்டனையே அவருடைய குறை. அடிபட்டவர் கொடுப்பது வெறும் ‘கம்ப்ளெயின்ட்’, புகார். போலீஸ்காரரின் குறை நடுவர்வரை போகும். அடிபட்டவரின் புகாருக்கு அந்த வாசல் கிடையாது.

நடுவர் முறையையும் புரிந்துகொள்ள வேண்டும். பல ஊர்களில் நடுவரை நகரமும் யூனியனும் சேர்ந்தே தேர்ந்தெடுக்கின்றன. ஒரு பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, வேண்டாத பெயர்களை மாறி மாறி அடித்துக்கொண்டே வருவார்கள். கடைசியில் நிற்பவர் நடுவர். எப்போதும் ஒரு பக்கமே தீர்ப்புச் சொல்பவரின் பெயர் அடுத்த முறை அடிபட்டுப் போகும். ஆகவே வெட்டு ஒன்று துண்டு இரண்டு என்று இல்லாமல், நடுவாகத் தீர்ப்பளிப்பது அவருடைய தொழிலுக்கு நல்லது. டிஸ்மிஸ் என்பது பல மாத சஸ்பென்ஷனாகச் சுருங்கும்.

யூனியன் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. நடுவர் கேட்கும் முதல் கேள்வி, இதே தவறைச் செய்த இன்னொருவருக்கு முன்பு என்ன தண்டனை கொடுத்தீர்கள் என்பது. பதில் பெரும்பாலும் ‘ஒரு கண்டிப்புக் கடிதம்’. இருபது வருடம் கண்ணை மூடிக்கொண்டிருந்த நிர்வாகம், பத்திரிகையில் படம் வந்த மறுநாள் ஒருவரை மட்டும் பலி கொடுத்தால் அது ஒழுங்கு நடவடிக்கை அல்ல, அரசியல். விருப்பு வெறுப்புப் பார்க்கும் மேலதிகாரியிடமிருந்து கீழே இருப்பவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதையும் மறுக்க முடியாது. பிரச்சினை, அந்தப் பாதுகாப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதில்.

சிகாகோவில் அது எங்கேயும் நிற்கவில்லை. அங்கே அப்போதைய ஒப்பந்தப்படி மொட்டைக் கடிதப் புகார் செல்லாததாக இருந்தது. புகார் சொல்பவர் பிரமாணப் பத்திரத்தில் கையெழுத்திட வேண்டியிருந்தது. போலீஸ்காரருக்கு எதிராக, போலீஸிடமே, சொந்தப் பெயரில். பழைய ஒழுங்கு நடவடிக்கைக் கோப்புகளை ஐந்தாண்டில் அழிக்க வேண்டும் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. 2014 அக்டோபரில் லக்வான் மெக்டொனால்ட் என்ற 17 வயதுக் கறுப்பினப் பையன் மீது 16 குண்டுகள் பாய்ந்தன. கத்தியோடு பாய்ந்து வந்தான் என்று போலீஸ் அறிக்கைகள் சொல்லின. 2015 ஏப்ரலில், குடும்பம் வழக்குப் போடும் முன்பே நகர கவுன்சில் 50 லட்சம் டாலர் இழப்பீட்டை ஏற்றது. வீடியோ வெளியானது நவம்பரில், நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு. அதில் பையன் விலகி நடந்துகொண்டிருந்தான். 2016ல் மேயர் நியமித்த குழுவே தன் அறிக்கையில் எழுதியது: சக போலீஸ்காரரைக் காட்டிக்கொடுக்காத மௌனத்தை, கூட்டு பேர ஒப்பந்தங்கள் ஏறக்குறைய அதிகாரபூர்வக் கொள்கையாக்கிவிட்டன.

சுட்டவர் குற்றவாளி என்று 2018ல் தீர்ப்பானது. ஆனால் அந்த 50 லட்சம் டாலர் அவர் பையிலிருந்து வரவில்லை. யூனியனின் நிதியிலிருந்தும் வரவில்லை. 2021ல் மினியாபொலிஸ் நகரம் ஜார்ஜ் ஃபிளாய்டின் குடும்பத்துக்குக் கொடுக்கச் சம்மதித்த 2.7 கோடி டாலரும் அப்படியே. செலவில்லாத சலுகை என்று நினைத்துக் கொடுத்த ஷரத்துகளுக்கு விலை உண்டு. பில் வர நாளாகும். கட்டுபவர் வரி செலுத்துபவர். உயிரைக் கொடுப்பவர் வேறொருவர்.

மாற்று வழி இல்லையா? டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டின் நகரம் ஒன்றைக் காட்டியது. 2015 ஜூனில் அங்கே வேகமாகக் கார் ஓட்டியதாக நிறுத்தப்பட்ட ஓர் ஆசிரியையை ஒரு போலீஸ்காரர் காரிலிருந்து இழுத்துத் தரையில் வீசினார். அவருடைய மேலதிகாரி லேசான கண்டிப்போடு கோப்பை மூடினார். வீடியோ ஓராண்டு கழித்து வெளியானபோது போலீஸ் தலைவருக்கே அது புதுச் செய்தி. கடும் நடவடிக்கை எடுக்க அவருக்கு வழியில்லை. சம்பவம் நடந்த 180 நாளுக்குள் தண்டித்திருக்க வேண்டும் என்பது விதி. மறைத்து வைத்தால் போதும், காலமே காப்பாற்றிவிடும்.

2017ல் புதிய ஒப்பந்தம் பேசத் தொடங்கியபோது உள்ளூர்க் குடிமக்கள் அமைப்புகள் பேச்சுவார்த்தைக் கூட்டங்களில் போய் உட்கார்ந்தன. ஷரத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தன. கவுன்சிலர்களைத் தேடிப் போய் விளக்கின. 8 கோடி டாலருக்கும் மேல் செலவாகும் ஐந்தாண்டு ஒப்பந்தம் அந்த டிசம்பரில் வாக்கெடுப்புக்கு வந்தது. கவுன்சில் ஒருமனதாக அதைத் திருப்பி அனுப்பியது. யூனியன் கோபித்துக்கொண்டது, பழைய ஒப்பந்தமும் காலாவதியானது. ஆனால் 2018 நவம்பரில் புதிய ஒப்பந்தம் வந்தது. மொட்டைப் புகாரையும் ஏற்கலாம் என்றானது. தனிக் கண்காணிப்பு அலுவலகம் வந்தது. குற்றச் செயல் என்றால் 180 நாள் கணக்கு, மேலதிகாரிகளுக்கு விஷயம் தெரியவந்த நாளிலிருந்து தொடங்கும் என்றானது. நான்காண்டுக்கு ஆன செலவு ஏறக்குறைய 4.5 கோடி டாலர். கண்காணிப்பு வேண்டுமென்றால் கூடுதல் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும் என்ற வாதம் அங்கே பொய்த்தது.

கதை அதோடு முடியவில்லை. 2023 மே மாதம் ஆஸ்டின் வாக்காளர்கள் கண்காணிப்பை மேலும் இறுக்கும் சட்டத்தை நிறைவேற்றினார்கள். தண்டனையில் முடியாத புகார்களைத் தனி ரகசியக் கோப்பில் வைக்கும் வழக்கத்துக்கு எதிராக 2024 ஆகஸ்டில் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பிறகு, அக்டோபரில், 21.8 கோடி டாலருக்கு ஐந்தாண்டு ஒப்பந்தம் நிறைவேறியது. சம்பளம் தாராளமாகவே உயர்ந்தது. அதில் தவறில்லை. நல்ல சம்பளம் கொடுத்து நல்ல ஆட்களைப் பிடிப்பது நகரத்தின் கடமை. முதலில் கண்காணிப்பு, பிறகு சம்பளம் என்று வரிசை மாறியதுதான் முக்கியம்.

சிகாகோவும் மெல்லத் திரும்புகிறது. கோப்பு அழிக்கும் ஷரத்தை 2020ல் இல்லினாய்ஸ் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. கடும் தண்டனையை எதிர்நோக்கும் போலீஸ்காரர்கள் மூடிய அறையில் நடுவர் முன் விசாரணை கேட்கலாம் என்று 2023ல் ஒரு தீர்ப்பு வந்தபோது, கவுன்சில் அதை இரண்டு முறை நிராகரித்தது. நடுவரிடம் போகலாம், ஆனால் கதவு திறந்திருக்க வேண்டும் என்று 2024 மார்ச்சில் நீதிபதி சொன்னார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, நல்லவேளை நம் ஊரில் போலீஸுக்கு யூனியன் இல்லை என்று பெருமூச்சு விட வேண்டாம். 1966ஆம் ஆண்டுச் சட்டப்படி, உரிய அனுமதியின்றி நம் போலீஸ்காரர் தொழிற்சங்கத்தில் சேர முடியாது. பேச மேஜை இல்லாதபோது என்ன ஆயிற்று? 1973ல் உத்தரப் பிரதேசத்தில் மாநில ஆயுதப் படை கிளர்ந்தது, ராணுவம் வந்தது, முதல்வர் கமலாபதி திரிபாதி பதவி இழந்தார். 1979ல் பஞ்சாபில் தொடங்கிய போலீஸ் போராட்டம் பல மாநிலங்களுக்குப் பரவியது. 1982 ஆகஸ்டில் பம்பாயிலும் ராணுவத்தை அழைக்க வேண்டியதாயிற்று. வார விடுமுறைக்கே அரசாணையை எதிர்பார்த்து நிற்கும் கான்ஸ்டபிளுக்குக் குரல் இல்லை.

அவர் கையில் அடிபடுபவருக்கும் இங்கே மேஜை இல்லை. மாநில, மாவட்ட அளவில் போலீஸ் புகார் ஆணையங்கள் அமைக்க 2006ல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. தமிழ்நாடு 2013ல் சட்டம் இயற்றி, மாநில ஆணையத்துக்குத் தலைவராக உள்துறைச் செயலாளரையே உட்கார வைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி இருக்க வேண்டிய இடம் அது. போலீஸை நிர்வகிப்பவரே போலீஸ் மீதான புகாரையும் கேட்பார். அமெரிக்க நகரங்கள் பேரத்தில் விட்டுக்கொடுத்ததை நாம் பேரமே இல்லாமல் விட்டுக்கொடுத்திருக்கிறோம்.

எட்டு மணி நேர வேலை, நாகரிகமான குடியிருப்பு, வருடாந்திர சம்பள உயர்வு ஆகியவை போலீஸ்காரருக்கும் அவருக்குச் சம்பளம் கொடுப்பவருக்கும் இடையிலான விவகாரம். அதை இருவரும் பேசட்டும். சங்கம் வைத்தே பேசட்டும். லாக்கப்பில் விழுந்த அடி அப்படிப்பட்டதல்ல. அதில் மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அதை விட்டுக்கொடுக்க மேயருக்கும் உரிமையில்லை, முதலமைச்சருக்கும் உரிமையில்லை.