பழைய புரோகிராமும் புதிய கம்ப்யூட்டரும்

நம்மவர் பலருடைய கடைகளிலும் மண்டிகளிலும் 1990களில் போட்ட டாஸ் கணக்குப் புரோகிராம் ஒன்று இன்னும் மூலையில் இருக்கிறது. அன்றாட பில் வேறு கம்ப்யூட்டரில் போட்டாலும், பழைய பாக்கி யாரிடம் எவ்வளவு, எந்த வருடம் என்ன விலைக்குக் கொள்முதல் செய்தோம் என்று பார்க்க அதைத்தான் திறக்கிறோம். அந்தப் பெட்டி பழுதானால், "புரோகிராம் புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது, கணக்கும் வராது, எல்லாம் புதிதாக வாங்குங்கள்" என்கிறார்கள் விற்க வருபவர்கள். இதில் பாதிதான் உண்மை.

டாஸ் புரோகிராம்கள் 16 பிட் கம்ப்யூட்டருக்கு எழுதப்பட்டவை. 64 பிட் விண்டோஸ் அவற்றை நேராக ஏற்காது. 2021ல் வந்த விண்டோஸ் 11ல் 32 பிட் பதிப்பே கிடையாது. ஆனால் 2002 முதல் டாஸ்பாக்ஸ் என்ற இலவசப் புரோகிராம் இருக்கிறது. வீசையிலும் சேரிலும் எழுதிய பழைய சிட்டையை, கிலோ மட்டுமே தெரிந்த பையனுக்குப் பெரியவர் ஒருவர் வரிக்கு வரி சொல்லிக்கொடுப்பதுபோல, பழைய புரோகிராமின் ஒவ்வொரு கட்டளையையும் அது புதிய கம்ப்யூட்டருக்குப் புரியவைக்கிறது. பழைய கணக்கு அப்படியே திரையில் வந்துவிடும்.

அதற்காக இதிலேயே தினசரி வியாபாரத்தை நடத்தலாம் என்று நாம் சொல்லமாட்டோம். டாஸ்பாக்ஸ் விளையாட்டுகளுக்காகச் செய்யப்பட்டது. பிரிண்டருக்கு அதில் வழியில்லை. அலுவலகப் புரோகிராம்களுக்கென்றே அதிலிருந்து வி-டாஸ் என்று ஒன்று உருவானது, அதில் அச்சடிக்கலாம். பழைய பிரிண்டர் போர்ட்டில் செருகும் பூட்டு வைத்த புரோகிராம் என்றால் சிரமம்தான். எதுவானாலும் மூலக் கணக்கைத் தொடாமல், பிரதி எடுத்து அதில் மட்டும் திறந்து பாருங்கள்.

டிபேஸ், ஃபாக்ஸ்புரோ, கிளிப்பர் இவற்றில் எழுதிய புரோகிராம்கள் பெரும்பாலும் கணக்கை டிபிஎஃப் என்று முடியும் ஃபைல்களில் வைத்திருக்கும். புரோகிராம் ஓடாவிட்டாலும் இலவசமான லிப்ரே ஆபீஸ் கால்க் அவற்றைத் திறந்து காட்டும். வரவு எது, பற்று எது என்று பிரித்தறிய நம் கணக்கப்பிள்ளைக்கு ஒரு நாள் போதும். இதைச் சொல்லாமல் புது பில்லிங் விற்பது நியாயமா?

இன்று வாங்கும் புரோகிராமுக்கும் இதே கதி வரும். ஜிஎஸ்டி சட்டப்படி, ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் கணக்கை வைத்திருக்கவேண்டும். விற்றவர் அதுவரை கடை வைத்திருப்பார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. சரக்கு நம்முடையது, கடன் நம்முடையது, பேரேடு மட்டும் எப்படி அவருடையதாகும்? எனவே பணம் கொடுக்கும் முன்பே, கணக்கு முழுவதையும் எக்செல் போன்ற பொது வடிவில் வெளியே எடுக்க முடியுமா என்று கேட்டு, கண்ணெதிரே எடுத்துக் காட்டச் சொல்லி, பில்லிலும் எழுதி வாங்குங்கள். தனி ஒருவராகக் கேட்டால் தட்டிக்கழிப்பார்கள். சங்கமே இதற்கு ஒரு மாதிரி ஒப்பந்தம் தயாரித்து உறுப்பினர்களுக்குத் தரவேண்டும் என்பது நமது வேண்டுகோள்.