மாட்டுக்கும் ஒரு நோட்டு போடுங்கள்

நாலு வருஷத்துக்கு முன்னால் நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. என் பசு ஒன்றுக்கு வாயில் நுரை, நாக்கில் கொப்புளம். பின்னங்காலை உதறிக்கொண்டே நின்றது. கோமாரி என்று பார்த்ததுமே தெரிந்தது. சீரகம், வெந்தயம், மிளகு, மஞ்சள், பூண்டு, தேங்காய், வெல்லம் சேர்த்து அரைத்துக் கொடுத்தேன். பத்து நாளில் மாடு தேறியது. நம்ம வைத்தியம் ஜெயித்துவிட்டது என்று பெருமை வேறு.

ஆனால் யாரிடமும் நான் வாய் திறக்கவில்லை. பால் எடுக்க மாட்டேன் என்பார்களோ என்ற பயம். என் மற்ற மாடுகள் வழக்கம்போல் குட்டைக்கரையில் மேய்ந்தன. இரண்டு வாரத்தில் ஊரில் பதினோரு மாடுகளுக்கு வந்துவிட்டது. பக்கத்துத் தோட்டக்காரம்மாவின் இரண்டு கன்றுகள் செத்தன. போன பொங்கலுக்குத்தான் போய் உண்மையைச் சொன்னேன். அவங்க கோபப்படவில்லை. "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா கன்னுகளைப் பிரிச்சுக் கட்டியிருப்பனுங்ண்ணா" என்றார்.

நோய்க் கண்காணிப்பு என்றால் என்ன என்று இதைவிடத் தெளிவாக யாரும் எனக்குச் சொன்னதில்லை. என் மாடு பிழைத்தது வைத்தியம். அடுத்த வீட்டுக் கன்று பிழைப்பதற்குத் தகவல் வேண்டும். இரண்டும் வேறு வேறு.

நம் இயற்கை விவசாயிகளிடம் ஒரு நினைப்பு உண்டு. நாட்டு மாடு, நல்ல தீவனம், நோய் அண்டாது என்று. தாங்கும் சக்தி அதிகம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் லேசாக நோய் கண்டு தேறிவிடும் மாடும் கிருமியைப் பரப்பும். கோமாரிக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை அரசு இலவசமாக ஊசி போடுகிறது. அதைத் தவிர்த்தவர்களில் நானும் ஒருவன். இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் விதிகள்கூடத் தடுப்பூசியைத் தடை செய்யவில்லை. நாமாக ஏன் தடுக்க வேண்டும்?

வெக்கை நோயை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் பட்டி பட்டியாக மாடுகளைக் கொண்டுபோனது. 1968-ல் முதுமலை, பந்திப்பூர் காடுகளில் காட்டெருமைகளையும் அது பெருமளவில் அழித்தது. இந்தியாவில் கடைசியாக அது தென்பட்டது 1995-ல். 2011-ல் உலகத்திலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள். ஊசி மட்டும் அதைச் செய்யவில்லை. ஊசியை நிறுத்திய பிறகும் ஊர் ஊராகப் போய், சந்தை சந்தையாக நின்று, 'இங்கே ஏதாவது மாட்டுக்கு வந்திருக்கிறதா' என்று வருஷக்கணக்கில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் சொன்னவர்கள் நம்மைப் போன்ற மாட்டுக்காரர்கள்தான்.

காட்டோரத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2021-ல் கோவை ஆனைகட்டிப் பக்கம் ஒரு யானை அடைப்பான் நோயால் இறந்தது. அந்தக் கிருமியின் வித்து மண்ணில் பல பத்தாண்டுகள் கிடக்கும். நல்லா இருந்த மாடு திடீரென்று விழுந்து, மூக்கிலும் ஆசனவாயிலும் கறுத்த, உறையாத ரத்தம் வந்தால் தோலை உரிக்காதீர்கள், அறுத்துப் பார்க்காதீர்கள். மனிதருக்கும் தொற்றும். டாக்டர் வந்து பார்த்தபின் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காட்டுப் பள்ளத்தில் இழுத்துப் போட்டுவிட்டு வருவது பெரிய பாவம்.

மேய்ச்சல் உரிமைக்கும் இதில் பங்கு உண்டு. மாடுகளால் வனவிலங்குக்கு நோய் வருகிறது என்று நம்மேல் பழி சொல்கிறார்கள். 'இல்லை' என்று மட்டும் சொன்னால் யார் கேட்பார்கள்? 'இதோ எங்கள் பட்டியின் நோட்டு, ஊசி போட்ட தேதி, நோய் கண்ட தேதி' என்று காட்டினால் எதிர்த்துப் பேச முடியாது. முப்பது வருஷம் வங்கியில் இருந்தவன் சொல்கிறேன், கணக்கு வைத்திருப்பவன் வார்த்தைக்குத்தான் எந்த ஆபீஸிலும் மதிப்பு. கடன் வாராமல் போவதும் முதல் தவணை தவறும்போதே தெரிந்துவிடும். நோயும் அப்படித்தான்.

இப்போது நான் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருக்கிறேன். காது வில்லை எண், ஊசி தேதி, தீனி எடுக்காத நாள், பால் குறைந்த நாள், கன்று வீசிய நாள். தெர்மாமீட்டரில் 103-க்கு மேல் போனால் தனியே கட்டி, 1962-க்குப் போன் செய்கிறேன். சந்தையில் வாங்கிய உருப்படியை மூன்று வாரம் மந்தையில் சேர்ப்பதில்லை. தொற்று நோய் கண்டால் ஊராட்சிக்கோ கிராம அலுவலருக்கோ சொல்ல வேண்டும் என்று 2009-ம் வருஷச் சட்டமே இருக்கிறது. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

அரசுக்கும் ஒரு வார்த்தை. சொல்பவனுக்கு நஷ்டம், மறைப்பவனுக்கு லாபம் என்று இருக்கும்வரை சட்டம் காகிதத்தில்தான் இருக்கும். நோயைச் சொன்ன விவசாயிக்குப் பால் நின்ற நாட்களுக்கான இழப்பீட்டை உடனே கொடுங்கள். மாதிரி எடுத்துப் போனால் முடிவை அவனுக்கும் சொல்லுங்கள்.

இழப்பீடு வரும்போது வரட்டும். அதுவரைக்கும் நாம் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டாம். உங்கள் மாட்டுக்கு வாயில் நுரை தெரிந்தால், மருந்து அரைப்பதற்கு முன்னால் பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு குரல் கொடுங்கள்.