நாற்பதுக்கு எத்தனை?

மதிப்பெண் ஏற ஏற மானம் போகும் பரீட்சை ஒன்று உண்டு. கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் தயாரித்த அந்தப் பட்டியலில் 20 குணங்கள். தேனொழுகும் பேச்சு, தற்பெருமை, சரளமான பொய், குற்ற உணர்ச்சியின்மை, பிறர் உழைப்பில் சாப்பாடு... ஒவ்வொன்றுக்கும் 0, 1 அல்லது 2. மொத்தம் 40. வட அமெரிக்காவில் 30-ஐத் தொட்டால் 'சைக்கோபாத்'. ஐரோப்பிய ஆய்வுகள் பலவற்றில் 25 போதும். ஆக, 27 வாங்கிய கைதி அட்லாண்டிக்கைத் தாண்டினால் வேறு ஆள்!

இந்த வகை மனிதர்களை 1941-ல் புத்தகமாகப் படம் பிடித்தவர் ஜார்ஜியா மாநில மனநல மருத்துவர் ஹெர்வி கிளெக்லி. அவர் விவரித்தவர்களில் பெரும்பாலோர் கொலைகாரர்கள் அல்ல. பிரமை கிடையாது, பேச்சில் குழப்பம் கிடையாது; தொட்ட வாழ்க்கையை எல்லாம் கெடுத்தவர்கள். அறுபதுகளில் ஹேர் கைதிகளை வைத்துச் சோதித்தார். எண்ணிக்கை முடியும்போது மின்அதிர்ச்சி வரும் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டது. மற்றவர்களுக்கு உள்ளங்கை வேர்த்தது. இவர்களுக்கு அவ்வளவாக வேர்க்கவில்லை.

ஆனால் அமெரிக்க மனநல மருத்துவர்களின் அதிகாரபூர்வக் கையேட்டில் 'சைக்கோபதி' தனி நோயாக இடம்பெற்றதே இல்லை. மனதைப் பார்ப்பதைவிட நடத்தையை எண்ணுவது சுலபம் என்று 1980-ல் 'சமூக விரோத ஆளுமை'க்கு முழுக்க முழுக்க நடத்தையையே அளவுகோலாக்கினார்கள். விளைவு, பல சிறைகளில் பாதிக்கும் மேற்பட்டோர் அதில் அடங்கிவிட்டனர். ஹேர் பட்டியலில் தேறுபவர்களோ கால்வாசிக்கும் குறைவு. 2013 பதிப்பில் சைக்கோபதிக்குக் கிடைத்தது, பின்பகுதியில் ஒரு துணைக்குறிப்பு மட்டுமே.

ஆய்வுக்கூடத்தோடு நின்றிருந்தால் இது வெறும் பெயர்ச் சண்டை. டெக்ஸாஸ் மாநிலத்தில் மரண தண்டனை விதிக்க, குற்றவாளி இனியும் ஆபத்தானவர் என்று ஜூரிகள் நம்பியாக வேண்டும். அங்கே சாட்சிக் கூண்டேறுகிறது ஹேர் மதிப்பெண். அது சுலபத்தில் குறையவும் குறையாது. பன்னிரண்டு வயதுக்குள் செய்த அட்டகாசத்துக்கும் பட்டியலில் புள்ளி உண்டு.

மதிப்பெண் போடுபவர்கள் எப்படி? 2013-ல் வெளியான ஆய்வில், நூற்றுக்கும் மேற்பட்ட நிபுணர்களிடம் ஒரே கோப்புகள் தரப்பட்டன. சிலரிடம் உங்களை அமர்த்தியது அரசுத் தரப்பு என்றும், மற்றவர்களிடம் எதிர்த்தரப்பு என்றும் சொன்னார்கள். அரசுத் தரப்பென்று நம்பியவர்கள் சராசரியாக அதிகம் போட்டார்கள். கூலி கொடுப்பவர் பக்கம் தராசு சாய்ந்தது, அவர்களுக்கே தெரியாமல்.

டெக்ஸாஸில் 2005 முதல் மரண தண்டனைக்கு மாற்று, பரோல் இல்லாத ஆயுள். எனவே கைதி சிறைக்குள் யாரையாவது தாக்குவாரா என்பதே உண்மையான கேள்வி. இந்தக் கேள்விக்கு ஹேர் மதிப்பெண்ணை வைத்துத் துல்லியமாகப் பதில் சொல்ல முடியாது என்று 2020-ல் நிபுணர்கள் குழு ஒன்று கூட்டறிக்கை வெளியிட்டது. கையெழுத்திட்டவர்களில் அந்த 2013 ஆய்வை நடத்தியவர்களும் உண்டு.